தனக்கே முதல் ஊசி போட்டுக்கொண்ட ஹாப்கின்

தமக்காக வாழ்பவர் உலகில் பலர். பிறருக்காக வாழ்பவர் சிலர். அந்தச் சிலரிலும், ஊராருக்குக் கொடுக்கப் போகும் மருந்தை முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தவர் அரிதிலும் அரியவர். அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையைத்தான் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் பெற்றோர்களுக்கும், மாணவச் செல்வங்களுக்கும், தோட்டத்து உழைப்பாளர்களுக்கும் சொல்ல வந்திருக்கிறோம். அவர் பெயர் வால்டெமர் ஹாப்கின்.

யார் இந்த ஹாப்கின், அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பத்து காவான் கரையில் நின்று கடலைப் பாருங்கள். பினாங்குத் தீவுக்கு இந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று ஒரு சிறு தீவு தெரியும். அதுதான் ஜெர்ஜாக் தீவு. நம் தாத்தாக்களும் பாட்டிகளும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த காலத்தில், நேராகப் பினாங்கு மண்ணை மிதித்துவிட முடியாது. நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக இந்தத் தீவில் இறக்கித் தங்க வைத்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் கப்பலோடு கப்பலாக வந்துவிடும் என்ற பயம் அப்போது எல்லாரையும் பிடித்து ஆட்டியது. ஒரு லயத்தில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டால் போதும், ஒரு வாரத்துக்குள்ளே வரிசையே காலியாகிப் போகும். அந்தப் பயத்தைத் துரத்துவதற்காகத் தன் வாழ்நாளையே கொடுத்தவர் ஹாப்கின்.

இளமையும் இன்னலும்

ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த ஒடெஸ்ஸா என்ற துறைமுக நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒடெஸ்ஸாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் மெச்னிகாவ் என்னும் பேரறிஞர். நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளைப் பிடித்து விழுங்குகின்றன என்று கண்டுசொன்னவர் அவர்தான். 1908-இல் நோபல் பரிசும் பெற்றார். நல்ல ஆசான் அமைவதும் ஒரு கொடுப்பினை என்பார்கள். ஹாப்கினுக்கு அது அமைந்தது.

ஆனால் மற்றவை அமையவில்லை. ரஷ்யாவில் யூதர்களைத் தாக்கிக் கொள்ளையடிப்பது அந்நாளில் சாதாரணமாக நடந்தது. தம் மக்களைக் காக்க முன்னின்ற இளைஞர் கூட்டத்தில் ஹாப்கினும் சேர்ந்தார், காயமடைந்தார், கைது செய்யப்பட்டார். மெச்னிகாவ் தலையிட்டுத்தான் அவரை வெளியே கொண்டு வந்தார். படித்துப் பட்டம் பெற்ற பிறகும் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. மதம் மாறினால் பதவி உண்டு என்றார்கள். பதவிக்காக மதம் மாற மாட்டேன் என்று மறுத்துவிட்டு, ஒடெஸ்ஸாவின் விலங்கியல் காட்சிசாலையில் சிறு வேலையில் அமர்ந்தார்.

1888-இல் ஊரைவிட்டுக் கிளம்பினார். முதலில் ஜெனீவா, அடுத்த ஆண்டு பாரிஸ். பாரிஸில் லூயி பாஸ்டரின் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது என்ன வேலை தெரியுமா? நூலக வேலை! புத்தகம் எடுத்துக் கொடுத்து, அடுக்கி வைக்கிற வேலை. இவ்வளவு படித்தவனுக்கு இதுவா என்று அவர் முகம் சுளிக்கவில்லை. நூலக வேலை முடிந்ததும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்.

1892 ஜூலை 18

வாந்திபேதியைக் காலரா என்றும் சொல்கிறோம். அதை உண்டாக்கும் கிருமியை ஜெர்மானிய அறிஞர் கோக் 1880-களில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உறுதி செய்திருந்தார். கிருமி தெரிந்துவிட்டது, தடுப்பதுதான் தெரியவில்லை. ஹாப்கின் அந்தக் கிருமியைக் கினிப் பன்றி என்னும் சிறு பிராணிகளின் வயிற்றில் செலுத்தி, ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றுக்கு என்று 39 முறை மாற்றி, அதன் வீரியத்தைக் கூட்டினார். இன்னொரு பக்கம், அதே கிருமியை வெப்பத்தால் பலவீனப்படுத்தி இன்னொரு மருந்து செய்தார். முதலில் பலவீனமான ஊசி, சில நாள் கழித்து வீரியமான ஊசி என்பது அவர் வகுத்த முறை.

பிராணிகளில் பலித்தது. மனிதனிடம் பலிக்குமா? 1892 ஜூலை 18-ஆம் நாள் அந்த ஊசியைத் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலி வந்தது. சில நாளில் எல்லாம் தணிந்தது. ஆறு நாள் கழித்து வீரியமான ஊசியையும் போட்டுக்கொண்டார். உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. அதற்குப் பிறகுதான் அவருடைய நண்பர்கள் கையை நீட்டினார்கள். அப்போது அவருக்கு வயது 32.

ஆனாலும் பாரிஸின் பெரிய அறிஞர்கள் சிலர் இதை நம்பவில்லை. நோய் பரவியிருக்கும் இடத்தில் செய்து காட்டினால்தானே நம்புவார்கள்? பாரிஸில் அப்போது பிரிட்டிஷ் தூதராக இருந்தவர், முன்பு இந்தியாவில் வைசிராயாக இருந்த டஃபரின் பிரபு. இந்தியாவுக்குப் போகலாமே என்று அவர் வழி காட்டினார். 1893 மார்ச்சில் ஹாப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார்.

சேரியிலும் தேயிலைத் தோட்டத்திலும்

ஊசி என்றால் நம்ம பிள்ளைகள் ஓடி ஒளிவது புதிதா என்ன? அந்தக் காலத்தில் தோட்டத்து டிரசர் ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் வந்தாலே, வாண்டுகள் எல்லாம் பால்மரக் காட்டுக்குள்ளே ஓடிப் போயிடும். பெரியவர்களே கதவைச் சாத்திக்கொள்வார்கள். இந்தியாவிலும் அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரன் ஊசியிலே என்ன கலந்திருக்கிறானோ, சாதி கெட்டுப் போகுமோ, பிள்ளை பிறக்காமல் போகுமோ என்று எத்தனையோ வதந்திகள். சில இடங்களில் கல்லெறியும் நடந்ததாகச் சொல்வார்கள்.

ஹாப்கின் கோபப்படவில்லை. அதட்டி, மிரட்டி ஊசி போடவும் இல்லை. விரும்பி வந்தவருக்கு மட்டுமே போட்டார். இந்திய மருத்துவர்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஜனங்கள் தயங்கிய இடத்தில், அவர்கள் கண்முன்னே முதலில் ஊசி போட்டுக் காட்டினார்கள்.

1894 மார்ச்சில் கல்கத்தாவின் காட்டல் பகான் என்ற சேரியில் வாந்திபேதி கண்டது. ஏறத்தாழ 200 பேர் இருந்த அந்தச் சேரியில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே குளத்துத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். ஒரே சந்தில்தான் குடியிருந்தார்கள். இருந்தும் பிறகு நோய் தேடிப் பிடித்தது ஊசி போடாதவர்களைத்தான். இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

அதன்பின் அஸ்ஸாம் தேயிலைத் தோட்ட முதலாளிகள் அவரை அழைத்தார்கள். தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோருக்கு அங்கே ஊசி போடப்பட்டது. நம்மைப் போலவே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து, ஊரைவிட்டு வெகுதூரம் வந்த ஏழைகள் அவர்கள். ஆள் செத்தால் வேலை கெடும் என்பது முதலாளிகளின் கணக்கு. ஆள் செத்தால் ஒரு குடும்பம் கெடும் என்பது ஹாப்கினின் கணக்கு. அந்தத் தோட்டங்களிலேதான் அவருக்கு மலேரியா கண்டது. 1895-இல் உடம்பு தேறுவதற்காக இங்கிலாந்து போக வேண்டியதாயிற்று. அதற்குள் ஏறத்தாழ 42,000 பேர் அவருடைய ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டே இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்.

பம்பாயில் பிளேக்

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. வீட்டுக் கூரையிலிருந்து எலி செத்து விழும்; சில நாளில் மனிதர்கள் விழுவார்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி வீங்கி, காய்ச்சலில் பிதற்றி, நாலைந்து நாளிலேயே உயிர் போய்விடும். அந்தக் கொள்ளை நோய் பின்வந்த ஆண்டுகளில் இந்தியா முழுவதிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. அதே நோயை 1910-11-இல் மஞ்சூரியாவில் எதிர்த்து நின்று உலகப் புகழ் பெற்றவர், நம் பினாங்கில் பிறந்து பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்த டாக்டர் வூ லியன் தே என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அரசாங்கம் ஹாப்கினைப் பம்பாய்க்கு அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அவ்வளவுதான் பரிவாரம். அங்கே அவர் இரவு பகல் பாராமல் உழைத்தார். இறைச்சிச் சாற்றின் மேலே நெய்த் துளிகளை மிதக்க விட்டு, அதன் அடியில் பிளேக் கிருமியைக் கொத்துக் கொத்தாக வளர்த்தார். பிறகு சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றார். செத்த கிருமிதான் ஊசி மருந்து. சில மாதத்துக்குள் மருந்து தயார். 1897 ஜனவரி 10-ஆம் நாள், வழக்கம் போலத் தன் உடம்பில்தான் முதல் ஊசி!

அந்த மாத இறுதியில் பைகுல்லா சிறைச்சாலையில் பிளேக் கண்டது. கைதிகளில் 147 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள்; 172 பேர் போட்டுக்கொள்ளவில்லை. போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேருக்கு மட்டுமே நோய், இறந்தவர் எவருமில்லை. ஒரே சோறு, ஒரே சுவர், ஒரே காற்று. வேறுபாடு அந்த ஊசி ஒன்றுதான். ஊசி போட்டும் இருவருக்கு ஏன் நோய் வந்தது என்று சிலர் கேட்பீர்கள். அதற்குப் பின்னால் வருவோம்.

அந்நாளில் அரசாங்கம் சிப்பாய்களை வீடுகளுக்குள் அனுப்பி, நோயாளிகளைப் பலாத்காரமாக இழுத்துக்கொண்டு போனது. ஜனங்கள் கொதித்தார்கள். 1897-இல் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹாப்கினின் வழியோ வேறு. ஆகா கான் போன்ற சமூகத் தலைவர்கள் பலர் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டு, தம் மக்களையும் போடச் செய்தார்கள். பலாத்காரத்தால் ஆகாதது நம்பிக்கையால் ஆயிற்று. 1899-இல் பரேலில் இருந்த பழைய அரசு மாளிகை அவருடைய ஆராய்ச்சிக் கூடமாயிற்று. சில ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் பிளேக் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மல்கோவாலில் விழுந்த இடி

நல்லவர்க்குத்தான் சோதனை வரும் என்பார்கள். 1902 அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபில் மல்கோவால் என்னும் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. சில நாளில் அவர்களில் 19 பேருக்கு ரண ஜன்னி கண்டது. டெட்டனஸ் என்கிறோமே, அதுதான். தாடை இறுகி, உடம்பு வில்லாய் வளைந்து, 19 பேரும் இறந்துபோனார்கள்.

காப்பாற்றப் போட்ட ஊசியே கொன்றுவிட்டதே! நாடே அலறியது. விசாரணைக் குழு கூடியது. ஹாப்கின் அண்மையில் மருந்து செய்யும் முறையை மாற்றி, கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் நம்பியிருந்தார். எனவே பிழை பம்பாய் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் என்று குழு முடிவு கட்டியது. அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எந்த நாட்டு மக்களுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தாரோ, அந்த நாட்டிலேயே கொலைகாரப் பழி! யூதர் என்பதாலும், மருத்துவப் பட்டம் இல்லாத விலங்கியலார் என்பதாலும் அதிகாரிகள் அவரை எளிதாகக் கைவிட்டார்கள் என்று எண்ணியவர்கள் உண்டு.

உண்மை என்ன? அன்றைக்கு ஐந்து போத்தல் மருந்து பயன்பட்டது. இறந்த 19 பேருக்கும் ஊசி போட்டது ஒரே போத்தலிலிருந்து. மற்ற நான்கு போத்தல்களில் போட்டுக்கொண்ட 88 பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் போத்தலைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்திருக்கிறது. அதைச் சரிவரச் சுத்தம் செய்யாமல், அப்படியே கொண்டு மூடியைத் திறந்திருக்கிறார்கள். ரண ஜன்னிக் கிருமி குடியிருப்பதே மண்ணில்தானே! பம்பாயிலேயே அந்தக் கிருமி புகுந்திருந்தால், போத்தல் அத்தனை நாள் மூடிக் கிடந்ததில் மருந்து நாற்றமெடுத்திருக்கும். திறந்தபோது நாற்றம் எதுவும் இல்லை.

இவ்வளவு தெளிவான விஷயம் உலகத்துக்குத் தெரிய ஐந்து வருஷம் பிடித்தது. மலேரியா கொசுவால் பரவுகிறது என்று கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ், ஹாப்கினுக்காக விடாமல் வாதாடினார். 1907-இல் ராஸும் வேறு அறிஞர்களும் சேர்ந்து லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கையெழுத்திட்டு எழுதினார்கள். அந்த ஆண்டு இறுதியில்தான் பழி நீங்கியது.

ஹாப்கின் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். ஆனால் பம்பாயில் அவருடைய நாற்காலியில் வேறொருவர் இருந்தார். கல்கத்தாவில் வேலை கொடுத்தார்கள். மக்களுக்கு ஊசி போட்டுச் சோதிக்கும் பழைய பணியை மட்டும் கொடுக்கவில்லை. அமைதியாக இருந்து பணி ஓய்வு பெற்று, முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பா திரும்பினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1925-இல் பம்பாய் ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஹாப்கின் நிலையம் என்று பெயர் சூட்டினார்கள். 1930 அக்டோபர் 26-ஆம் நாள் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் உயிர் பிரிந்தது. 1964-இல் இந்திய அரசாங்கம் அவர் படத்துடன் அஞ்சல் தலை வெளியிட்டது. பரேலில் அந்த நிலையம் இன்றும் அவர் பெயரால் நடக்கிறது.

அவர் காலத்துக்குப் பின் கிடைத்த விடை

செத்த கிருமியை ஊசியில் ஏற்றினால் உயிருள்ள கிருமியை உடம்பு எப்படி எதிர்க்கிறது? அவர் காலத்திலேயே பாதி விடை தெரியும். 1890-இல் ஜெர்மனியில் பேரிங், கித்தசாதோ என்ற இருவர், நோயை எதிர்க்கும் ஒரு பொருள் இரத்தத்தில் உண்டாவதைக் காட்டினார்கள். அதுதான் எதிர்ப்பொருள். ஆங்கில எழுத்து ஒய் போன்ற உருவமுள்ள புரதம் அது. ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு எதிர்ப்பொருள். பூட்டுக்குத் தகுந்த சாவி மாதிரி. காலரா சாவி பிளேக் பூட்டுக்குச் சேராது.

இங்கேதான் ஒரு பெரிய புதிர். உலகத்தில் கிருமிகளோ கணக்கற்றவை. இத்தனைக்கும் சாவி செய்ய உடம்புக்கு எப்படித் தெரியும்? உடம்பு என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையெல்லாம் தாய் தந்தையிடமிருந்து வரும் மரபணுக்களில் இருக்கிறது. புரதம் செய்யும் மரபணுக்கள் மனிதனுக்கு ஏறத்தாழ 20,000-தான். கோடிக்கணக்கான எதிர்ப்பொருள்களுக்கு அது எப்படிப் போதும்?

1976-இல் சுசுமு தோனெகாவா என்ற ஜப்பானிய அறிஞர் ஸ்விட்சர்லாந்தில் இருந்தபடி இந்தப் புதிரை விடுவித்தார். 1987-இல் நோபல் பரிசும் பெற்றார். அதை நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18. சேர்த்தால் 216 உயிர்மெய். அந்த எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்தால் எத்தனை ஆயிரம் சொற்கள்! எதிர்ப்பொருளுக்குரிய மரபணுவும் ஒரே நீளத் துண்டாக இல்லை. பல சிறு துண்டுகளாக இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பி அணுக்கள் உருவாகும்போது, ஒவ்வோர் அணுவும் அந்தத் துண்டுகளில் சிலவற்றை வெட்டி ஒட்டி, தனக்கென்று ஒரு சொல் அமைத்துக்கொள்கிறது. கோடானுகோடி அணுக்கள், கோடானுகோடிச் சொற்கள். கிருமி உள்ளே வருமுன்பே அதற்குத் தகுந்த சாவி எங்கோ ஓர் அணுவிடம் தயாராக இருக்கிறது! ஊசி போட்டதும் அந்த அணு விழித்துப் பெருகுகிறது. எதிர்ப்பொருளை அள்ளிக் கொட்டுகிறது. அவற்றில் சில, நினைவு அணுக்களாக ஆண்டுக்கணக்கில் காவல் இருக்கின்றன. ஹாப்கினின் ஊசி செய்தது, உடம்பில் ஏற்கெனவே இருந்த காவல்காரனைத் தட்டி எழுப்பிய வேலை.

இப்போது சிறைச்சாலைக் கேள்விக்கு வருவோம். எதிர்ப்பொருள் ஊறச் சில நாள் ஆகும். அதற்குள் கிருமி முந்திக்கொண்டால் நோய் வரும். அதோடு, எல்லாருடைய உடம்பும் ஒரே மாதிரி எதிர்ப்பொருள் செய்வதில்லை. அதிலும் பிறவி வேறுபாடு உண்டு. ஹெப்படைடிஸ் பி ஊசியை முறையாகப் போட்டும் எதிர்ப்பொருள் சரிவர ஊறாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதற்கு அவர்களுடைய மரபணுவும் ஒரு காரணம். எந்தத் தடுப்பூசியும் நூற்றுக்கு நூறு இல்லை. ஹாப்கினின் காலரா ஊசியும் சில காலமே காத்தது. பின்னாளில் அதைவிட நல்ல மருந்துகள் வந்தன.

எதிர்ப்பொருளே இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு. 1952-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் புரூட்டன், அடிக்கடி கடுமையான நோயில் விழுந்த 8 வயதுச் சிறுவன் ஒருவனைச் சோதித்தார். அவன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாய்க் கிடந்தது. பிறர் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளை ஊசி மூலம் கொடுத்தார், பையன் தேறினான். இந்த நோய்க்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதை 1993-இல் உறுதியாகக் கண்டார்கள். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான். அது தாயிடமிருந்து வருவது. தாய்க்கு இரண்டு எக்ஸ் இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். அவளுக்கு நோயே தெரியாது. மகனுக்குப் பழுதானது வந்தால், பி அணுக்கள் வளர்வதே இல்லை. ஆகவே பெற்றோர்களே, இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் அது தாய் செய்த குற்றமும் இல்லை, குலசாமியின் கோபமும் இல்லை. ஆராயாமல் பழி போடுவது எவ்வளவு பெரிய பாவம் என்பதை மல்கோவாலில் பார்த்தோமே!

அந்தப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டும் எதிர்ப்பொருள் ஊறாது. அவர்களைக் காப்பது யார்? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஊசி! சுற்றியிருக்கும் எல்லாரும் ஊசி போட்டிருந்தால், ஆளுக்கு ஆள் தாவும் நோய் அந்தப் பிள்ளையின் வாசலுக்கு வருவதற்கு வழி இல்லை. இன்னும் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைக்கும் அதுதான் காவல்.

நாம் செய்ய வேண்டியது

நம் வீட்டுப் பெரியவர்களின் தோளைப் பாருங்கள், அம்மைத் தடுப்பூசியின் தழும்பு இருக்கும். மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றினார்கள், கையை நீட்டி ஊசியும் போட்டுக்கொண்டார்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை. 1980-இல் பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் நோய் போய்விட்டது என்று அசட்டையாக இருந்துவிட முடியாது. 2016-இல் நம் நாட்டில் டிப்தீரியா திரும்பி வந்து, தடுப்பூசி போடாத பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. 27 ஆண்டு தலைகாட்டாத போலியோ 2019-இல் சபாவில் ஒரு கைக்குழந்தையைப் பிடித்தது. அதன்பின் கோவிட் வந்து உலகத்தையே வீட்டுக்குள் பூட்டி வைத்தது. அதையெல்லாம் நாம் மறக்கவில்லை.

பத்து காவானில் செம்பனை நின்ற பல இடங்களில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014-இல் இரண்டாவது பாலமும் வந்துவிட்டது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஆள் வரும் வழியில் நோயும் வரும். பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி முதல், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடும் ஊசி வரை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. தாதியர் பள்ளிக்கு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். அனுமதிப் பாரத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. கடைத்தெருவில் யாரோ சொன்னதையும் கைப்பேசியில் யாரோ அனுப்பியதையும் நம்பிப் பிள்ளையின் உயிரோடு விளையாடாதீர்கள். ஊசிக்குப் பின் காய்ச்சலோ வீக்கமோ கண்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! நூலகத்தில் புத்தகம் அடுக்கிய ஒருவர், படிப்பை விடாததால் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தார். சின்ன வேலை என்று எதையும் இழிவாக எண்ணாதீர்கள். பிறர் செய்ய வேண்டும் என்று நீங்கள் விரும்புவதை முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். உண்மை உங்கள் பக்கம் இருந்தால் பழிச்சொல்லுக்கு அஞ்சி ஓடாதீர்கள். யார் மீதாவது பழி விழுந்தால், கூட்டத்தோடு சேர்ந்து கல்லெறியாமல், ராஸைப் போல நின்று ஆராயுங்கள். இந்தப் பள்ளியிலிருந்தும் நாளை ஒரு மருத்துவரோ ஆராய்ச்சியாளரோ புறப்பட்டு வரட்டும். இன்றைக்கு உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: ஊசி போடும் நாளில் ஓடி ஒளியாமல், தம்பி தங்கைகளுக்கு முன்னால் முதல் ஆளாகக் கையை நீட்டுங்கள். தன் உடம்பில் முதல் ஊசி ஏற்றிக்கொண்ட அந்த மாமனிதருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.